காந்தம் பட்டால் லைசன்ஸ் செத்துப்போகுமா?

8 மார்ச் 2025 – கேள்வி

அண்ணே, நான் மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஓட்டோ ஓட்டுகிறேன். போன மாதம் போனுக்குக் காந்த ஹோல்டர் ஒன்று வாங்கி முன்னால் ஒட்டினேன். அதற்கு ஒரு இரும்புத் தகடு போனின் பின்னால் இருக்க வேண்டும், கவருக்குள் வைத்திருக்கிறேன். லைசன்ஸ் கார்டும் அதே கவருக்குள்தான், அப்போதுதான் வீட்டில் மறந்து வைக்க மாட்டேன். எங்கள் ஸ்டாண்டில் ஒரு அண்ணன், "காந்தம் பட்டால் லைசன்ஸ் செத்துப்போகும், போனும் கொஞ்சம் கொஞ்சமாக அழியும்" என்கிறார். உண்மையா? எட்டு வருஷத்துக்குத் தந்த கார்டு, நாலு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் எழுத்து மங்கிவிட்டது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

9 மார்ச் 2025, காலை

இல்லை. சாகாது.

கார்டு பிளாஸ்டிக். அதில் இருப்பது அச்சு. அச்சைக் காந்தம் ஒன்றும் செய்யாது. என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்: முன்னால் படம், பின்னால் எந்த வகை வண்டி எந்தத் தேதி வரை என்று கட்டம் போட்ட பட்டியல். வங்கிக் கார்டின் முதுகில் இருக்கிற மாதிரிக் கறுப்புப் பட்டை இதில் கிடையாது. என்னை இதுவரை மறித்த பொலிஸ்காரர்கள் எல்லோரும் கார்டைக் கண்ணால்தான் படித்தார்கள். ஒருவர் மட்டும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார்.

போனும் அழியாது. படமும் பாட்டும் இருப்பது ஃபிளாஷ் நினைவகத்தில். அங்கே தகவல் மின்னேற்றமாக நிற்கிறது, காந்தமாக அல்ல. சிம்மும் மெமரி கார்டும் அப்படித்தான். போனுக்குள்ளேயே எத்தனை காந்தம் இருக்கிறது தெரியுமா? ஸ்பீக்கரில் ஒன்று, காதில் வைத்துக் கேட்கும் இடத்தில் ஒன்று, கமராவில் வில்லையை நகர்த்த ஒன்றிரண்டு. காந்தம் பட்டு அழிவதென்றால் பெட்டிக்குள்ளேயே அழிந்திருக்கும்.

ஆகவே பயமில்லாமல் கார்டை ஹோல்டர் பக்கத்திலேயே வைக்கலாம். வங்கிக் கார்டையும் வைக்கலாம்.

9 மார்ச் 2025, இரவு

காலையில் எழுதிய கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் போன் திருத்தும் கடையில் ஆள் இருந்தபோது அவசரத்தில் எழுதியது.

வங்கிக் கார்டில் இரண்டு விஷயம் இருக்கிறது. முன்னால் பொன் நிறத்தில் தெரிகிற சிப்பைக் காந்தம் ஒன்றும் செய்யாது. பின்னால் ஓடுகிற கறுப்புப் பட்டை வேறு சாதி. அது கசெட் நாடாவின் தம்பி, காந்தத் துகள்களில்தான் எழுத்து இருக்கிறது. அதிலும் இரண்டு தரம் உண்டு. ஹோட்டல் அறைக் கதவுக்குத் தருகிற கார்டு மெலிந்த தரம், கிட்டத்தட்ட 300 ஓர்ஸ்டெட் காந்தப் புலத்திலேயே எழுத்து கலைந்துவிடும். வங்கிக் கார்டு தடித்த தரம், 2750இலிருந்து 4000 வரை போகும். ஹோல்டரில் இருக்கிற நியோடிமியம் காந்தம் பட்டையோடு ஒட்டிக்கொண்டே கிடந்தால் மெலிந்த தரம் நிச்சயம் போகும். தடித்த தரம் பெரும்பாலும் தப்பும், ஆனால் தினமும் உரசினால் நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

லைசன்ஸைப் பற்றிக் காலையில் சொன்னது சரி. வங்கிக் கார்டைத் தள்ளி வையுங்கள். ஒரு சாண் தள்ளி இருந்தாலே போதும், தூரம் கூடக் கூடக் காந்தத்தின் பலம் சடாரென்று விழுந்துவிடும்.

10 மார்ச் 2025

கசெட் என்று எழுதியதும் ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் முதல் கலர் டீவி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்து டீவியின் கண்ணாடியில் வைத்தேன். செய்தி வாசித்த அம்மாவின் கன்னம் ஊதா நிறமாகிவிட்டது. எடுத்த பிறகும் ஊதா போகவில்லை. அப்பா வருவதற்குள் நான் பத்துத் தடவை டீவியை நிறுத்திப் போட்டேன். பழைய டீவிகளில் போட்டவுடன் காந்தத்தைக் கலைக்கிற சுருள் ஒன்று உள்ளே வேலை செய்யும், ஆனால் அது ஆற நேரம் கொடுத்து விட்டுவிட்டுப் போட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. மூன்று நாளில் ஊதா தானாகப் போய்விட்டது. அடியின் தழும்பு ஒரு வாரம் இருந்தது.

காந்தம் எதையும் கெடுக்கும் என்ற பயம் இப்படிப்பட்ட காலத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்துச் சாமானுக்கு அந்தப் பயம் நியாயம்தான்.

16 மார்ச் 2025

ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தது, மழையும் விடவில்லை. சரி, அளந்தே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

எல்லா ஸ்மார்ட் போனிலும் இல்லாவிட்டாலும் பலவற்றில் காந்தமானி இருக்கிறது. திசைகாட்டி அதில்தான் ஓடுகிறது. எண்ணாகக் காட்டும் செயலி இலவசமாகவே கிடைக்கும். மேசையில் வைத்ததும் 41 மைக்ரோ டெஸ்லா காட்டியது. அது பூமியின் காந்தம், இலங்கையில் அந்த அளவில்தான் இருக்க வேண்டும். இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் 70. காந்த ஹோல்டரை ஒரு முழம் தள்ளி வைத்தேன், எண் அசையவே இல்லை. ஒரு சாணில் கொஞ்சம் ஏறியது. ஒட்டியபோது ஆயிரத்தைத் தாண்டி எண் ஆடிக்கொண்டே நின்றது. ஒரு முழத்தில் பேச்சு மூச்சில்லை, ஒட்டினால் ராட்சசன்.

ஹோல்டரிலிருந்து எடுத்த பிறகும் திசைகாட்டி கொஞ்ச நேரம் தவறாகவே காட்டியது. தென்மேற்கில் சிவனொளிபாதமலை இருக்கும் பக்கம் வடக்கு என்றது. எட்டு வடிவத்தில் போனைக் காற்றில் நாலைந்து தடவை சுழற்றினால் தன்னைச் சரிசெய்துகொள்ளும். என் மகள் பார்த்துவிட்டு, "அப்பா போனுக்கு ஆலாத்தி எடுக்கிறார்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

அப்படியானால் ஹோல்டரில் இருக்கும்போது மேப் பிழையாகாதா? ஓடும் வண்டியில் ஆகாது. எங்கே இருக்கிறோம் என்பது செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறோம் என்பதை நகர்வை வைத்தே கணக்குப் பார்த்துக்கொள்ளும். நின்றுகொண்டிருக்கும்போதுதான் அம்பு பைத்தியக்காரத்தனமாகச் சுற்றும். நாற்சந்தியில் நின்று அம்பைப் பார்த்துத் திரும்பாதீர்கள்.

ஒரு சின்ன உபகதை. திசைகாட்டி முள் வடக்கே காட்டுவதோடு கீழ்நோக்கியும் சாயும், லண்டனில் அறுபது பாகைக்கு மேல் சாய்வு. முள் சாயாமல் மட்டமாகக் கிடக்கிற காந்த நடுக்கோடு இந்தியாவின் தென் முனைக்குப் பக்கத்தில் போவதால் நம் நாட்டில் முள் ஏறக்குறைய மட்டமாகக் கிடக்கும். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பாவில் இந்தியா 1963 நவம்பர் 21 அன்று முதல் ரொக்கெட்டை ஏவ அந்த இடத்தைத் தேர்ந்ததற்கும் இந்தக் கோடுதான் காரணம். ஹட்டனில் இருந்துகொண்டு இதைத் தெரிந்து என்ன பயன் என்று கேட்டால் பயன் ஒன்றும் இல்லை.

22 மார்ச் 2025

டிக்கோயாவிலிருந்து ஒரு அக்கா வந்தார். "தம்பி, டிஸ்ப்ளே போய்விட்டது. வைத்தால் அணைகிறது, எடுத்தால் எரிகிறது." வேறு ஒரு கடையில் டிஸ்ப்ளே மாற்ற வேண்டும் என்று சொல்லி விலையும் சொல்லியிருக்கிறார்கள்.

போனை என் மேசையில் வைத்தேன், எரிந்தது. அவர் கைப்பையின் மீது வைத்தார், அணைந்தது. பையைப் பூட்டுகிற பொத்தானைப் பார்த்தேன், காந்தப் பொத்தான். மடிக்கிற கவர் மூடினால் திரை தானாக அணைய வேண்டும் என்பதற்காகப் பல போன்களில் காந்தத்தை உணர்கிற ஒரு சிறு சென்சர் இருக்கிறது, ஹால் சென்சர் என்பார்கள். பைப் பொத்தானைக் கவர் என்று நினைத்துப் போன் தூங்கப் போயிருக்கிறது.

சல்லி வாங்கவில்லை. டீ வாங்கித் தந்தார்.

ஓட்டோ ஹோல்டரில் வைத்ததும் திரை அணைகிறதென்றால் இதுவாக இருக்கலாம். தகட்டை இரண்டு விரல் கீழே இறக்கி ஒட்டிப் பாருங்கள். போனை மாற்ற ஓடாதீர்கள்.

5 ஏப்ரல் 2025

இன்றைக்கு எழுதப்போவது கேள்விக்கு நேர்ப் பதில் இல்லை, ஆனால் நான் சொல்ல ஆசைப்படுகிற விஷயம் இதுதான்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களின் போன்கள் ஒரே நோயோடு வரும். ஸ்பீக்கர் சத்தம் கரகரக்கும், அப்புறம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகும். ஆரம்பத்தில் நான் தேயிலைத் தூசி என்று நினைத்துத் தூரிகையால் தட்டிவிட்டுக் கொடுத்துவிடுவேன். ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடுவார்கள். ஒருநாள் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஸ்பீக்கர் வலையின் ஓட்டைகளில் கறுப்பு மயிர் முளைத்திருந்தது. ஒரே பக்கம் சாய்ந்து, முள்ளம்பன்றி மாதிரி. தூசி அப்படி நிற்காது. இரும்புத் தூள்தான் அப்படி நிற்கும்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் முப்பது வருஷம் தொழிற்சாலையில் சல்லடைப் பக்கம் இருந்தவர். சிரித்தார். "காந்தம் இல்லாத பெக்டரியைப் பார்த்திருக்கிறாயா?" என்றார். உண்மைதான், தூள் ஓடுகிற வாரின் மேல் குறுக்கே நீளக் காந்தம் வைத்திருப்பார்கள். கொழுந்தை உருட்டுகிற, வெட்டுகிற, சலிக்கிற இயந்திரங்கள் எல்லாம் தேய்கின்றன, தேய்ந்த இரும்பு தேயிலையோடு வருகிறது, அதைப் பிடிக்கத்தான் காந்தம். வேலை முடிவதற்குள் அதில் தாடி வளர்ந்துவிடும், துணியால் வழித்து எடுப்பார்களாம். தொழிற்சாலையை மேற்பார்க்கிற டீமேக்கர் வருகிற சத்தம் கேட்டால் முதலில் காந்தத்தைத் துடைப்போம் என்றார். ரோலர் மேசையில் இருக்கிற பித்தளைச் சட்டங்களின் துகளைக் காந்தம் பிடிக்காது என்பதையும் சொன்னார். எனக்கு அது தோன்றவே இல்லை.

வீட்டில் செய்து பார்த்தோம். வெள்ளைக் கடதாசியில் ஒரு பிடி தூளைப் பரப்பி, ஹோல்டர் காந்தத்தை மெல்லிய பொலித்தீன் பையில் சுற்றி மேலாக நாலு தடவை இழுத்தோம். கடையில் சில்லறையாக வாங்கிய தூள். பொலித்தீனைப் பிரித்துக் காந்தத்தை எடுத்ததும் கடதாசியில் கறுப்பாக ஒரு சிட்டிகையில் பாதி விழுந்தது. பாக்கெட் தூளிலும் செய்தோம், ஏழெட்டுத் துகள்தான். அம்மா அந்தக் கடதாசியை மடித்து வைத்திருக்கிறார், கடைக்காரரிடம் காட்டவாம்.

தொழிற்சாலையில் காந்தம் செய்கிற வேலையை, சட்டைப் பையில் இருக்கிற போன் ஸ்பீக்கரும் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. வெல்டிங் கடைக்காரர்களுக்கும் இதே கதி.

எடுக்கும் வழி: ஊதாதீர்கள், ஊசியும் போடாதீர்கள். ஊதினால் உள்ளே போகும், ஊசி வலையைக் கிழிக்கும். ஒட்டும் டேப்பைச் சின்னதாக வெட்டி, பசைப் பக்கத்தை அழுத்தி எடுங்கள். இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் புது இடம்.

6 ஏப்ரல் 2025

பலமான காந்தத்தை வெளியே பிடித்தால் துகள் தானாக வராதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வரும். நானும் செய்திருக்கிறேன். ஆனால் காந்தத்தை எடுக்கிற நேரத்தில் சரியாகத் தூக்காமல் பக்கவாட்டில் இழுத்தால், துகள் வலையில் உரசி மிச்சம் உள்ளே இறங்கிவிடும். என் கையில் ஒரு போன் அப்படிப் போனது, ஸ்பீக்கரை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். டேப்தான்.

27 ஏப்ரல் 2025

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

தலவாக்கலைக்குப் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். கைப்பிடியில் காந்த ஹோல்டர், அதில் போன். ஒரு வளைவில் குழி. போன் பெயர்ந்து மடியில் விழுந்தது. ஒரு கையால் பிடித்தேன். பிடித்த கையோடு வளைவைத் திரும்பினால் அங்கே இரண்டு பேர் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"பேசவில்லை சேர், விழுந்தது, பிடித்தேன்."

"கையில்தானே இருக்கிறது?"

இருந்தது. என்ன சொல்ல? லைசன்ஸை வாங்கிக்கொண்டு சிங்களத்தில் எல்லோரும் சொல்கிற 'தட கொளய'வை எழுதிக் கொடுத்தார். தெரியாதவர்களுக்காக: அந்தத் தண்டப்பணச் சீட்டுத்தான் 14 நாளைக்கு உங்கள் லைசன்ஸ். அதற்குள் தபாற்கந்தோரில் கட்டி, ரசீதைக் கொண்டுபோய்க் காட்டி, கார்டை மீட்க வேண்டும். கார்டைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்று காட்டினால் எடுபடாது, வீதியில் அசல் கையில் இருக்க வேண்டும்.

தபாற்கந்தோர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கேட்டார், "தம்பி, உமக்கு எதற்கு?" போன் என்றேன். அவர், "எனக்கு லைட்" என்றார். வியாதி விசாரிக்கிற மாதிரி இருந்தது.

காந்த ஹோல்டரைப் பற்றி முதலில் எழுதியபோது அது எவ்வளவு பிடிக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. காந்தம் நேராக இழுத்தால்தான் பலம், பக்கவாட்டில் சறுக்கினால் அதன் பிடி மிகக் குறைவு. குழியில் வண்டி குலுங்குவது பக்கவாட்டுச் சறுக்கல்தான். நம் வீதிகளுக்கு இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற ஹோல்டர்தான் சரி. நான் மாற்றிவிட்டேன்.

28 ஏப்ரல் 2025

அரசாங்கத்துக்குக் கட்டும் பணத்தை இணையத்தில் கட்டுகிற கவ்பே வந்துவிட்டதா என்று கேட்டவருக்கு: ஆமாம், 2025 பெப்ரவரியில் அந்த முறை தொடங்கியது. தண்டப்பணத்தை வீதியிலேயே போனில் கட்டுவதை 2025 ஏப்ரலில் குருநாகல் – அனுராதபுரம் வீதியில் ஆரம்பித்தார்கள். கட்டியவுடனே லைசன்ஸ் கைக்கு வந்துவிடும். போனைக் கையில் பிடித்த குற்றத்துக்கான தண்டத்தைப் போனைக் கையில் பிடித்தே கட்டலாம். வண்டியை ஓரம் நிறுத்திவிட்டுத்தான்.

11 மே 2025

பைக் ஹோல்டர் என்றதும் இன்னொன்று. போன வருஷம் ஒரு பையன் கொண்டுவந்த போனில் கமரா படம் ஜெலி மாதிரி ஆடியது. கவரில் காந்த வளையம் இருந்தது. "காந்தம்தான் கெடுத்திருக்கிறது" என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லி அனுப்பினேன்.

இப்போது யோசித்தால் பாதிதான் சரி. கை ஆடினாலும் படம் ஆடாமல் இருக்கச் சில கமராக்களில் வில்லையை நுணுக்கமான காந்தங்கள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. பக்கத்தில் பலமான காந்தம் வந்தால் அது தடுமாறலாம், ஆனால் காந்தத்தை எடுத்தால் திரும்பச் சரியாகிவிடும். அந்தப் பையனுக்குச் சரியாகவில்லை. அவன் போனைப் பைக் கைப்பிடியில் மாட்டிப் பொகவந்தலாவைக்கும் ஹட்டனுக்குமாகத் தினமும் ஓடியிருக்கிறான். பெரிய எஞ்சின் பைக்கின் அதிர்வு தொடர்ந்து பட்டால் இந்தக் கமராக்கள் பழுதாகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டெம்பரில் எச்சரித்திருந்தது. அவனுடையது சின்ன பைக்தான், ஆனால் நம் தோட்டத்து வீதி மீதியைச் செய்துவிடும். அப்படி மாட்டுவதென்றால் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டரில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் பழைய போனை மாட்டுங்கள்.

தம்பி, இதை வாசித்தால் கடைக்கு வா, மன்னிப்பும் டீயும் உண்டு. கமரா விலை மட்டும் கேட்காதே.

1 ஜூன் 2025

இது விளையாட்டு இல்லை. கொட்டகலையிலிருந்து ஒரு தாத்தாவை அவர் பேரன் கூட்டிவந்திருந்தான், புதுப் போனுக்கு சிம் போட. வெளிநாட்டில் இருக்கிற மகள் அனுப்பிய ஐபோன். போனை வாங்கியதும் தாத்தா இடப்பக்கச் சட்டைப் பையில் போட்டார். அங்கே சட்டைக்கு அடியில் ஒரு புடைப்பு. "பேஸ்மேக்கர்" என்றான் பேரன், சாதாரணமாக.

2020இல் வந்த ஐபோன் 12 முதல் பெரும்பாலான ஐபோன்களின் முதுகில் காந்த வளையம் இருக்கிறது. இதயத்துக்கு வைத்த கருவியிலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு அப்பால் போனை வையுங்கள், கம்பியில்லாமல் சார்ஜ் ஏறுகிறதென்றால் 30 சென்ரிமீற்றர் என்பது அந்த நிறுவனமே சொல்வது. காரணம் இருக்கிறது. பேஸ்மேக்கருக்கு மேல் காந்தம் வந்தால், இதயம் துடிக்கிறதா இல்லையா என்று கேட்காமல் ஒரே வேகத்தில் துடிப்புக் கொடுக்கும் நிலைக்கு அது மாறும். மருத்துவர்கள் சோதிப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கிற வேறு வகைக் கருவியென்றால் காந்தம் அந்த வேலையையே தற்காலிகமாக நிறுத்திவிடும். காந்தத்தை எடுத்தால் பழையபடி.

தாத்தாவிடம் போனை அரைக் காற்சட்டைப் பையில் போடச் சொன்னேன். "அங்கே வெற்றிலைப் பெட்டி இருக்கிறதே" என்றார். வெற்றிலைப் பெட்டி மேலே போனது.

ஹோல்டர் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறவர்களும் வீட்டில் யாருக்கு என்ன வைத்திருக்கிறது என்று ஒரு தடவை கேளுங்கள்.

7 ஜூன் 2025

லடாக்கில் லே – கார்கில் வீதியில் வண்டிகளைக் காந்த மலை மேலே இழுக்கிறதாம், நம் மலைகளிலும் அப்படி ஒரு இடம் இருக்கிறது, ஓட்டோவை நியூட்ரலில் விட்டால் ஏற்றத்தில் ஏறும், போய்ப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி.

போனில் மட்டம் பார்க்கிற செயலி உண்டு. அதற்குக் காந்தம் தேவையில்லை, புவியீர்ப்பை உணர்கிற சென்சர் போதும். ஏற்றம் என்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வீதியில் வைத்துப் பாருங்கள், இறக்கம் என்று காட்டும். சுற்றியிருக்கிற சரிவு கண்ணை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான், லடாக்கிலும் அதே கதைதான். தேயிலை மலையில் எல்லாமே சரிவு, எது மட்டம் என்று கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஆளில்லாத ஓட்டோவை நியூட்ரலில் விட்டுப் பரிசோதிக்க மட்டும் வேண்டாம்.

22 ஜூன் 2025

மச்சானின் மகன் எல் போர்டோடு பழகுகிறான், அவனுக்காக இங்கே நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

எழுத்துப் பரீட்சை 40 கேள்வி, ஒரு மணி நேரம், 30 சரியாக இருந்தால் தேறலாம். தமிழில் எழுதலாம், கேட்டு வாங்குங்கள். முச்சக்கர வண்டி வகை பி1. அவன் தடுக்கி விழுந்த கேள்வி, மலை வீதியில் ஒரே வண்டி போகிற அகலத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் யார் வழிவிட வேண்டும் என்பது. இறங்குகிறவர்தான் விட வேண்டும், ஏறுகிறவருக்கு முதலிடம். ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுப்பது கஷ்டம் என்பதால் இந்த வழக்கம். அவன், "பெரிய வண்டி போகும், சின்ன வண்டி விடும்" என்று எழுதியிருக்கிறான். பஸ்ஸில் போகிற பிள்ளை, பார்த்ததைத்தான் எழுதினான்.

ட்ரயலுக்கு, அதாவது ஓட்டிக் காட்டும் பரீட்சைக்குப் போனபோது ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டது. அரைக் கிளட்ச் பிடிக்கப் பழக வேண்டும். பழகத் தொடங்கிய முதல் வாரம் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே நானுஓயா வரை வந்து, சில்லிலிருந்து புகை நாற்றம் வந்ததாம். எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்று என் தாத்தா, தோட்டத்து லொறி ஓட்டியவர், சொல்வார். எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது.

காதில் இயர்போன் போட்டுக்கொண்டு ஓட்டலாமா என்று அவன் கேட்டான். றம்பொடைப் பக்கம் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துத்தான் வண்டிகள் வருகின்றன. அந்த ஹோர்னைக் கேட்க உனக்கு வேறு காது இருக்கிறதா என்றேன்.

29 ஜூன் 2025

ஒரு வரிப் பதில்கள். காந்தத்தால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ அழியாது. *#06# அடித்தால் எண் வரும், IMEI என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் அடித்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவானதா என்று பார்க்கலாம், பழைய போன் வாங்கும் முன் அங்கேயே நின்று பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜீபீஎஸ் வேலை செய்யும், மேப் படத்தை முன்பே இறக்கி வைத்தால் போதும். லைசன்ஸ் தொலைந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாடு, அந்தப் பிரதி இல்லாமல் வெரஹெரவில் இருக்கிற லைசன்ஸ் கந்தோருக்கு இரவு பஸ் ஏறாதீர்கள். நான் ஏறினேன்.

17 ஓகஸ்ட் 2025

கேள்வி கேட்ட நோர்வூட் தம்பி கடைக்கே வந்துவிட்டான். ஐந்து மாதமாக நான் எழுதியதை எல்லாம் வாசித்திருக்கிறான், ஆனால் காந்தம்தான் எழுத்தை அழிக்கிறது என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. கவரைக் கழற்றி மேசையில் வைத்தான்.

கார்டை எடுத்தேன். வாழைப்பழத் தோல் மாதிரி லேசாக வளைந்திருந்தது. இரும்புத் தகடு இருந்த இடம் கார்டில் அச்சாகப் பதிந்திருந்தது, வட்டமாக, துல்லியமாக. அந்த வட்டத்தின் விளிம்பில்தான் பெயரின் பாதி காணாமல் போயிருந்தது. ஒவ்வொரு குழியிலும் தகடு கார்டைத் தேய்த்திருக்கிறது. போதாக்குறைக்குக் கவரின் உள்பக்கம் முழுக்க நனைந்து காய்ந்த வெள்ளைக் கறை.

"மழையில் நனைகிறதா?"

"இல்லை அண்ணே. சட்டைப் பையில்தான். வேர்வை."

"உட்காரும்போது?"

"பின் பையில்."

தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஓரம் பிசிறு. விரலால் தடவினால் கீறுகிறது. காந்தமே இல்லாத வெறும் இரும்பு. காந்தம் அந்தப் பக்கம், ஹோல்டரில்.

"காந்தம்தான் கெடுத்தது என்று ஸ்டாண்டில் பந்தயம் கட்டியிருக்கிறேன் அண்ணே."

"எவ்வளவு?"

"ஒரு நேரத்துக் கொத்து ரொட்டி."

தகட்டைக் கவரின் வெளிப்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன், கார்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டேன். பெயரின் மற்றப் பாதியும் போவதற்குள் புதுக் கார்டுக்கு விண்ணப்பி என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கார்டைத் திரும்பவும் கவருக்குள் போனுக்குப் பின்னால் சொருகிக்கொண்டு போய்விட்டான்.